ஐரோப்பாவில் சூனிய வழக்குகள் ஏன் பெருகின, யார் நிறுத்தினார்கள்?

நீங்கள் கேட்டது இது: "இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை லட்சக்கணக்கான பெண்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்தது, அப்புறம் அறிவியல் வளர்ந்ததும் அது நின்றுவிட்டது என்று படித்தேன். இது சரியா? ஏன் அந்தக் காலத்தில் மட்டும் அப்படி நடந்தது?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. செய்வினை வைப்பவர்கள் உண்டு என்ற நம்பிக்கை எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. அது ஏன் ஒரு சில தலைமுறைகளில் மட்டும் நீதிமன்றத் தீர்ப்பாகவும் மரண தண்டனையாகவும் மாறியது? அந்த நம்பிக்கை போகாதபோதே தண்டனை மட்டும் எப்படி நின்றது? நான் சட்டக் கல்லூரியில் சட்ட வரலாறு நடத்தியவன். சாட்சியம், ஒப்புதல் வாக்குமூலம் என்ற பாடங்கள் வரும்போதெல்லாம் மாணவர்களை இந்த வழக்குகளுக்குத்தான் அழைத்துப் போவேன். அதனால் என் பதில் நீதிமன்றத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மத வரலாறு படித்தவர்கள் வேறு இடத்தில் அழுத்தம் கொடுப்பார்கள். ஜெர்மன், ஸ்பானிய ஆவணங்களை நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் வைக்கிறேன். இது இடைக்காலத்து விஷயமே இல்லை. 1400-களில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பகுதிகளில் தொடங்கி, 1560-க்கும் 1650-க்கும் இடையே உச்சத்துக்குப் போய், 1700-களில் அடங்கியது. அதற்குள் அச்சகம் பரவிவிட்டது, பல்கலைக்கழகங்கள் பெருகிவிட்டன, கோப்பர்நிக்கஸின் நூலும் 1543-இலேயே வெளிவந்துவிட்டது. பெரிய கொலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தன. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஐரோப்பா முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மீது வழக்கு நடந்தது, 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு. அதில் பாதிக்கு அருகில் ஜெர்மன் மொழி பேசும் நிலங்களில் நடந்தவை. இணையத்தில் அடிக்கடி வரும் 90 லட்சம் என்ற எண்ணுக்கு ஆதாரம் கிடையாது. 1780-களில் குவெட்லின்பர்க் என்ற ஜெர்மன் ஊரில் இருந்த வோய்க்ட் என்பவர், தன் ஊர்ப் பதிவேட்டில் கண்ட சில வழக்குகளை எடுத்து, ஐரோப்பாவின் மக்கள்தொகையாலும் நூற்றாண்டுகளாலும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. பின்னால் வந்தவர்கள் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள். எண் குறைந்ததால் கொடுமை குறைந்ததாக ஆகாது. இந்த 50,000 பேரில் பெரும்பாலோர் கலவரத்தில் செத்தவர்கள் இல்லை. எழுத்தர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, நீதிபதி கையெழுத்துப் போட்டுக் கொல்லப்பட்டவர்கள். என்னை மிகவும் உலுக்குவது அதுதான்.

திருச்சபை எரித்தது என்ற பகுதிக்கும் திருத்தம் தேவை. தண்டனை கொடுத்தவை பெரும்பாலும் அரசு, நகரம், ஊர் நீதிமன்றங்கள். ஆனால் திருச்சபைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. கோட்பாட்டை எழுதியவர்கள் இறையியலாளர்கள். ஜெர்மன் நிலங்களில் பாம்பெர்க், வூர்ட்ஸ்புர்க், ட்ரியர் போன்ற இடங்களில் ஆயரே நாட்டின் ஆட்சியாளராகவும் இருந்தார். மிகக் கொடிய வேட்டைகளில் சில அங்கேதான் நடந்தன. புரோட்டஸ்டன்ட் ஸ்காட்லாந்திலும் நடந்தது, கத்தோலிக்க ட்ரியரிலும் நடந்தது. எந்தச் சபையும் தன் கையைச் சுத்தம் என்று காட்ட முடியாது.

சரி, ஏன் அப்போது? பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்ததால் பசு பால் சுரக்கவில்லை, குழந்தை செத்துவிட்டது என்ற நம்பிக்கை மிகப் பழையது. இடைக்காலத் திருச்சபை இதைப் பெரும்பாலும் மூடநம்பிக்கை என்றே நடத்தியது. இரவில் பெண்கள் வானில் பறந்து போகிறார்கள் என்று நம்புவதே பிசாசு காட்டும் மாயை, அதை நம்பக்கூடாது என்று 900-களிலேயே ஒரு திருச்சபை விதி எழுதப்பட்டிருந்தது. 1400-களில்தான் புதிதாக ஒன்று சேர்ந்தது. செய்வினை வைப்பவள் தனியாள் இல்லை, அவள் சாத்தானோடு ஒப்பந்தம் செய்தவள், இரவில் பறந்து போய் 'சபத்' என்ற கூட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு சாத்தானை வணங்குபவள் என்ற கதை உருவானது. 1486-இல் ஹைன்ரிஷ் கிராமர் என்ற டொமினிக்கன் சபைத் துறவி எழுதிய 'மல்லேயுஸ் மலெஃபிகாரும்' ('சூனியக்காரிகளின் சுத்தியல்') என்ற நூல் பெண்களைத் தனியாகக் குறிவைத்து இந்தக் கருத்தைப் பரப்பியது. முந்தைய ஆண்டுதான் இன்ஸ்புருக்கில் அவர் நடத்திய வழக்கு முறைகேடானது என்று தள்ளுபடியாகி, அந்த ஊர் ஆயரே அவரைக் கிளம்பச் சொல்லியிருந்தார். தோற்ற வழக்கறிஞர் ஒருவர் தன் கட்சியை நியாயப்படுத்த எழுதிய நூல் என்றே அதை நான் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவது வழக்கம். அந்த ஒரு நூலே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது மிகைப்பேச்சு. அது வந்தபின் 70 ஆண்டுகளுக்கு மேல் பெரிய அலை எதுவும் எழவில்லை.

சபத் கதையின் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், கூட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வந்த மற்றவர்களும் இருக்க வேண்டும். தனியாகச் செய்வினை வைத்தவள் ஒருத்தியோடு வழக்கு முடிந்துவிடும். கூட்டத்துக்குப் போனவளிடம் "அங்கே யாரைப் பார்த்தாய்?" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைச் சித்திரவதைக் கூடத்தில் கேட்டால் பெயர்கள் வந்தே தீரும்.

இங்கேதான் சட்டம் வருகிறது. பழைய முறையில், குற்றம் சாட்டுபவரே வழக்கை நடத்த வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை அவர் தலையிலேயே விழலாம். அதனால் ஆதாரமில்லாமல் யாரும் துணிந்து இறங்கமாட்டார்கள். இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பெரும்பகுதி விசாரணை முறைக்கு மாறியது. நீதிபதியே வழக்கைத் தொடங்குவார், அவரே விசாரிப்பார், அவரே தீர்ப்புச் சொல்வார். மரண தண்டனை கொடுக்க வேண்டுமானால் நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது குற்றவாளியின் வாக்குமூலம் வேண்டும். கேட்பதற்கு இது கடுமையான, நல்ல விதிதான். ஆனால் சாத்தானோடு செய்த ஒப்பந்தத்தை நேரில் பார்த்த சாட்சிக்கு எங்கே போவது? மிஞ்சுவது வாக்குமூலம். வாக்குமூலத்துக்கு வழி சித்திரவதை. 1532-இல் ஜெர்மன் நிலங்களின் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் வந்த 'கரோலினா' என்ற குற்றவியல் சட்டம் இதற்குக் கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. தக்க சந்தேகம் இல்லாமல் சித்திரவதை கூடாது. பதிலைச் சொல்லிக்கொடுக்கும் கேள்வி கேட்கக் கூடாது. வாங்கிய வாக்குமூலத்தின் விவரங்களை வெளியே போய்ச் சரிபார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சட்டம் படித்தவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். இவ்வளவும் அதில் எழுதியிருந்தது. ஆனால் சூனியம் விதிவிலக்கான குற்றம், அதற்கு இந்த விதிகள் பொருந்தாது என்று சொன்ன சட்ட அறிஞர்களின் பேச்சு எடுபட்டது. ஜெர்மன் நாடுகளில் ஒன்றான சாக்ஸனி 1572-இல் இன்னும் ஒரு படி மேலே போய், யாருக்கும் எந்தத் தீங்கும் நடக்காவிட்டாலும் சாத்தானோடு ஒப்பந்தம் செய்ததே மரண தண்டனைக்குப் போதும் என்று சட்டம் போட்டது. பாதிக்கப்பட்டவர் இல்லாமலே கொலைத் தண்டனை என்றால், பொய் என்று காட்டுவதற்குக் கைப்பிடி எதுவும் மிஞ்சாது.

பாம்பெர்க்கில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் துண்டுதுண்டாகக் கிடைப்பது அங்கே முழுதாகக் கிடைக்கிறது. 1626 மே மாதக் கடைசியில் பாம்பெர்க்கைச் சூழ்ந்த பிராங்கோனியா பகுதியில் கடும் உறைபனி விழுந்து திராட்சையும் தானியமும் கருகின. பழி சூனியக்காரர்கள் மேல் விழுந்தது. ஆயர்-ஆட்சியாளர் ஃபுக்ஸ் ஃபொன் டோர்ன்ஹைம், சூனிய வழக்குக்கென்றே தனிச் சிறை கட்டினார். 1628-இல் யோஹான்னஸ் யூனியுஸ் என்ற நகர மேயரைக் கைது செய்தார்கள். அவர் மனைவியை ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். ஜூன் கடைசியில் விசாரணை தொடங்கியது, முதலில் எல்லாவற்றையும் மறுத்தார், ஜூலை 5-இல் 'ஒப்புக்கொண்டார்'. நீதிமன்றக் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் ஜூலை 24-இல் அவர் தன் மகள் வெரோனிக்காவுக்கு ரகசியமாக எழுதிய கடிதமும் இன்றுவரை மிஞ்சியிருக்கிறது. கட்டைவிரல் திருகில் கைகள் நசுங்கிப்போய், எழுதவே முடியாத கையால் எழுதியது. நிரபராதியாகச் சிறைக்கு வந்தேன், நிரபராதியாகவே சாகப்போகிறேன் என்று தொடங்குகிறார். தண்டனையை நிறைவேற்றும் கொலைஞனே அவரிடம் கெஞ்சியிருக்கிறான்: ஐயா, எதையாவது கற்பனை செய்து சொல்லிவிடுங்கள், எல்லாவற்றையும் தாங்கினாலும் உங்களை விடமாட்டார்கள், ஒன்று போனால் இன்னொரு சித்திரவதை வரும் என்று. அப்புறம் அவர் ஒரு கதையைச் சொன்னார். அதோடு விடவில்லை. ஊரின் தெருத் தெருவாக நினைவுபடுத்தி, இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று பெயர் கேட்டார்கள். ஆகஸ்ட் 6-இல் அவரைக் கொன்றார்கள். அதே ஆண்டு அந்த நாட்டின் தலைமை அமைச்சர் கேயோர்க் ஹானும் அதே வழியில் போனார். இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டும்போது மாணவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: விசாரித்தவர்களுக்குத் தெரியாதா? அவர்களில் பலர் உண்மையிலேயே நம்பினார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஒருவர் சொன்ன கதை இன்னொருவர் கதையோடு ஒத்துப்போனதை அவர்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே கேள்விப் பட்டியலை வைத்து எல்லோரையும் கேட்டால் பதில்கள் ஒத்துத்தான் போகும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

வானிலையைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். 1560-களிலிருந்து ஐரோப்பாவில் குளிர் கூடியது, கோடை மழையில் அழுகிய விளைச்சல்கள், விலையேற்றம், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் தொடர்ந்து வந்தன. பெரிய வேட்டைகள் பல, விளைச்சல் பொய்த்த ஆண்டுகளை ஒட்டியே நடந்தன என்பது உண்மை. 1562 ஆகஸ்ட் 3-இல் தெற்கு ஜெர்மனியில் பேய்த்தனமான ஆலங்கட்டி மழை பெய்தது. வீஸன்ஸ்டைக் என்ற சிறு நிலப்பகுதியில் அதற்குப் பழியாக 63 பெண்களைக் கொன்றார்கள். ஆனால் அந்த மழை எல்லை பார்த்துப் பெய்யவில்லை. பக்கத்தில் இருந்த வூர்ட்டெம்பெர்க்கிலும் பயிர்கள் அழிந்தன. அங்கே இருந்த லூதரன் போதகர்கள், ஆலங்கட்டி மழை கடவுள் அனுப்புவது, கிழவிகளால் வானத்தை அசைக்க முடியாது என்று பிரசங்கம் செய்தார்கள். அங்கே அப்படியொரு வேட்டை நடக்கவில்லை. குளிரும் பஞ்சமும் மக்களைப் பலியாள் தேட வைத்தன என்பதை ஏற்கிறேன். தேடியவர்கள் கையில் நீதிமன்றம் கிடைத்ததா இல்லையா என்பதுதான் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

பெண்கள் ஏன் என்பதற்கு எனக்குத் திருப்தியான ஒரே விடை கிடையாது. மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் பெண்கள் என்பது உறுதி. வயதானவர்கள், விதவைகள், ஏழைகள் அதிகம் என்பதும் பல ஊர்களில் தெரிகிறது. பெண் பலவீனமானவள், சாத்தானின் பேச்சுக்கு எளிதில் மயங்குபவள் என்ற கருத்து, கல்வி கற்ற ஆண்களில் பெரும்பாலோரிடம் இருந்தது. சமையல், பால், பேறுகாலம், குழந்தை என்று சந்தேகம் எழும் இடங்களெல்லாம் பெண்கள் புழங்கும் இடங்கள். குற்றம் சாட்டியவர்களிலும் சாட்சி சொன்னவர்களிலும் பெண்கள் நிறைய இருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஐஸ்லாந்தில் எரிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பிரான்ஸின் நார்மண்டியிலும் ரஷ்யாவிலும் ஆண்களே அதிகம். ஆகவே பெண் வெறுப்பு மட்டுமே இயந்திரத்தை ஓட்டியது என்று சொன்னால் இந்த இடங்கள் விளங்காமல் போகும். அது இல்லவே இல்லை என்று சொன்னால் மற்ற இடங்கள் எல்லாம் விளங்காமல் போகும். மருத்துவச்சிகளை ஒழிக்கவே இது நடந்தது என்று ஒரு கருத்து பிரபலமாக உலவுகிறது. வழக்குப் பதிவுகளைப் பார்த்தால் மருத்துவச்சிகள் தனியாகக் குறிவைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. மருத்துவச்சிகளையே நிபுணர்களாக அழைத்து, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் உடலைச் சோதிக்கச் சொன்ன வழக்குகளும் இருக்கின்றன.

சந்தேகத்துக்குரிய மற்ற விளக்கங்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். சொத்தைப் பறிக்கவே வழக்குப் போட்டார்கள் என்பது பாம்பெர்க் போன்ற சில இடங்களில் ஓரளவு பொருந்தும். ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பறிக்கத்தக்க சொத்தே இல்லை. கத்தோலிக்கர்களும் புரோட்டஸ்டன்ட்களும் மக்களைத் தம் பக்கம் இழுக்கப் போட்டிபோட்ட இடங்களில்தான் வேட்டை அதிகம் என்று பொருளாதாரம் படித்த சிலர் கணக்குக் காட்டுகிறார்கள். வரைபடத்தில் அது அழகாகப் பொருந்துகிறது. அதே இடங்களில்தான் மேல் அதிகாரமும் பலவீனமாக இருந்தது என்பதால், எது காரணம் எது உடன்நிகழ்வு என்று பிரிப்பது கடினம். கெட்டுப்போன ரை என்ற தானியத்தில் இருந்த பூஞ்சையால் மக்களுக்குப் பிரமை பிடித்தது என்ற கதையைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

இப்போது எதிர்த் திசையிலிருந்து பார்ப்போம். நம்பிக்கை இருந்தும் எரியாத இடங்கள் எவை? முதலில் வருவது பலருக்கும் அதிர்ச்சி தரும் பெயர்: ஸ்பெயினின் இன்குவிசிஷன், அதாவது மதக் கோட்பாட்டை மீறியவர்களை விசாரித்த திருச்சபை நீதிமன்றம். மதம் மாறிய யூதர்களையும் முஸ்லிம்களையும் கொடுமைப்படுத்திய அதே அமைப்புதான், அதை வெள்ளையடிக்க நான் வரவில்லை. 1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆறு பேரைச் சூனியத்துக்காக எரித்தார்கள். இன்னும் ஐந்து பேர் சிறையிலேயே செத்திருந்ததால் அவர்களின் உருவப் பொம்மைகளை எரித்தார்கள். அந்தத் தீர்ப்பில் பங்கேற்ற மூன்று விசாரணையாளர்களில் ஒருவரான அலோன்சோ டி சலாசர் ஃப்ரியாஸுக்கு மனம் ஒப்பவில்லை. 1611-இல், தாமாக ஒப்புக்கொள்பவர்களுக்கு மன்னிப்பு என்ற ஆணையோடு கிராமம் கிராமமாகப் போனார். 1,802 பேர் தாங்கள் சூனியக்காரர்கள் என்று அவரிடம் ஒப்புக்கொண்டார்கள், அதில் 1,384 பேர் குழந்தைகள்! அவர் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்து செய்ததுதான் பெரிய விஷயம். ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். மாயத் தைலம் என்று கொண்டுவந்த ஜாடிகளை மருத்துவர்களிடம் கொடுத்துச் சோதித்தார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. நேற்றிரவு இந்த இடத்தில்தான் கூட்டம் நடந்தது என்று சொன்னார்கள். அந்த இரவில் அவருடைய எழுத்தர்கள் அங்கேயேதான் நின்றிருந்தார்கள், யாரும் வரவில்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். சாத்தான் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொன்னார். 1614-இல் இன்குவிசிஷனின் தலைமை மன்றம் அவர் கருத்தை ஏற்றுப் புதிய விதிகள் போட்டது. அதன்பின் அந்த அமைப்பின் கையில் சூனிய எரிப்பு நடைமுறையில் நின்றுபோனது. அதே ஸ்பெயினில், கட்டலோனியாவில், அதன் கட்டுக்குள் வராத ஊர் நீதிமன்றங்கள் 1618 தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் பலரைத் தூக்கிலிட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பாரிஸ் உயர் நீதிமன்றமும் இதே வழியில் போனது. கீழ் நீதிமன்றம் சூனியத்துக்கு மரண தண்டனை கொடுத்தால், குற்றவாளி கேட்காவிட்டாலும் வழக்கு தானாக மேல்முறையீட்டுக்கு வர வேண்டும் என்று 1600-களின் தொடக்கத்தில் ஏற்பாடு செய்தது, 1624-இல் அதை உறுதியான விதியாக்கியது. அங்கே வந்த வழக்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில்தான் மரண தண்டனை நிலைத்தது. இங்கிலாந்தில் பொதுச் சட்டம் சித்திரவதையை அனுமதிக்கவில்லை, லண்டனிலிருந்து சுற்றி வரும் நீதிபதிகள் வழக்கைக் கேட்டார்கள். அங்கே மொத்தம் 500 பேர் அளவில் தூக்கிலிடப்பட்டார்கள். மக்கள்தொகையில் அதைவிடப் பலமடங்கு சிறிய ஸ்காட்லாந்தில் ஆயிரத்துக்கும் மேல். 2,500 வரை போகும் என்பது ஒரு மதிப்பீடு. அங்கே ஊர்ப் பெரிய மனிதர்களுக்கே வழக்கு நடத்த ஆணை கொடுத்துவிடுவார்கள், சந்தேகப்பட்டவர்களைப் பல இரவுகள் தூங்கவிடாமல் வைப்பார்கள். இங்கிலாந்திலேயே பெரிய வேட்டை எப்போது நடந்தது தெரியுமா? உள்நாட்டுப் போரில் நீதிபதிகள் ஒழுங்காகச் சுற்றிவர முடியாத 1645–47-இல், மேத்யூ ஹாப்கின்ஸ் என்பவர் கிழக்கு மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் நடத்தியது. அவரும் தூங்கவிடாமல் வைக்கும் அதே முறையைத்தான் பயன்படுத்தினார்.

ஒரு வழக்கு மேலே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்லரின் தாயார் கத்தரீனாவின் கதை நல்ல சான்று. 1615-இல் லெயோன்பெர்க் என்ற சிறு ஊரில், அவர் கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் உடம்பு கெட்டது என்று பழகிய பெண் ஒருத்தி புகார் சொன்னாள். 1620-இல் எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாளைக் கைது செய்து சங்கிலியில் கட்டினார்கள். கெப்லர் லின்ட்ஸ் நகரத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு சாட்சியையும் எடுத்து எழுத்தில் மறுத்தார். வழக்கு ட்யூபிங்கன் பல்கலைக்கழகச் சட்டத் துறையின் கருத்துக்குப் போனது. கருவிகளைக் காட்டி மிரட்டலாம், உண்மையில் சித்திரவதை செய்யக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். 1621 செப்டம்பரில் கொலைஞன் கருவிகளைக் காட்டியபோது, என் நரம்பை ஒவ்வொன்றாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை என்றார் அந்த அம்மாள். 14 மாதச் சிறைக்குப் பிறகு விடுதலையாகி, அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். புகழ்பெற்ற மகன் இருந்ததால் பிழைத்தார் என்பது உண்மைதான். அந்த மகனாலும் பாம்பெர்க்கில் இதைச் செய்திருக்க முடியாது.

ஆகவே வீழ்ச்சியைப் பற்றிய என் பதில் இது: மக்கள் நம்புவதை நிறுத்துவதற்கு வெகுகாலம் முன்பே, நீதிபதிகள் தண்டிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வேட்டை தானே தன்னைச் சுட்டுக்கொண்டது. பெயர்ச் சங்கிலி நீள நீள ஏழைக் கிழவிகளைத் தாண்டி மேயர், அமைச்சர், நீதிபதி என்று ஏறியது. ட்ரியரில் 1589-இல் நகர நீதிபதி டீட்ரிஷ் ஃப்லாடே, பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தவர், அவரையே எரித்தார்கள். இப்படி ஏறும்போது ஆட்சியாளர்களுக்கு முறையின் மீதே சந்தேகம் வந்தது. 1692-இல் அமெரிக்காவின் சேலத்திலும் இதுவே நடந்தது: 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்ற பிறகு, குற்றச்சாட்டு பெரிய குடும்பங்களைத் தொட்டபோது ஆளுநர் அந்த நீதிமன்றத்தையே கலைத்தார். இரண்டாவது வழி, மேல் அதிகாரம் கீழே இறங்கி வந்தது. பாம்பெர்க்கில் தப்பியோடியவர்கள் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டிடம் முறையிட்டு, 1630–31-இல் அவருடைய மன்றம் கடுமையான ஆணைகளை அனுப்பியது. அதோடு சுவீடன் படையும் நெருங்கிவர, ஆயர் ஊரைவிட்டே ஓடினார், வழக்குகள் நின்றன. பிரான்ஸில் பதினான்காம் லூயியின் 1682 ஆணை, பிரஷ்யாவில் 1714-இல் இத்தகைய தீர்ப்புகள் அரசரின் ஒப்புதலுக்கு வர வேண்டும் என்ற ஆணை, பிரிட்டனில் 1736-இல் சூனியச் சட்டங்கள் நீக்கம், ஆஸ்திரியா முதலிய ஹாப்ஸ்பர்க் நாடுகளில் 1766-இல் அரசி மரியா தெரேசாவின் சட்டம், போலந்தில் 1776-இல் நாடாளுமன்றத்தின் தடை என்று வரிசையாக வந்தன. கவனித்தால், பெரும்பாலான இடங்களில் வழக்குகள் குறைந்து வெகுநாள் கழித்துத்தான் சட்டம் வந்திருக்கிறது. ஹங்கேரியிலும் போலந்திலும் மட்டும் வேட்டை தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடிந்தது.

அறிவியலுக்குப் பங்கே இல்லையா என்றால், நேரடியாக மிகக் குறைவு. 1660-களில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக இருந்த ஜோசப் கிளான்வில், சூனியக்காரர்கள் உண்டு என்று நிறுவவே நூல் எழுதினார். மறுபக்கம், வேட்டையின் மீது விழுந்த மிகப் பலமான அடி ஒரு பாதிரியாரிடமிருந்து வந்தது. ஃப்ரீட்ரிஷ் ஸ்பே என்ற இயேசு சபைக் குரு 1631-இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூல், சாத்தானைப் பற்றிய விவாதத்தில் நேரம் செலவிடவில்லை. சித்திரவதை எப்படிக் குற்றவாளிகளைத் தயாரிக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டியது. நம்மையெல்லாம் இன்னும் சித்திரவதை செய்யவில்லை, அதனால்தான் நாம் இன்னும் சூனியக்காரர்கள் ஆகவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். இயற்கை விதிகளின்படி உலகம் இயங்குகிறது என்ற எண்ணம் 1700-களில் படித்தவர்களிடையே பரவியது உண்மை. அது ஏற்கெனவே நின்றுபோன வழக்குகள் மறுபடி உயிர்பெறாமல் பார்த்துக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். நீதிபதிகளின் மனம் ஏன் மாறியது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. சட்டப் பயிற்சி கூடியதா, அரசு பலப்பட்டதா, மதப் போர்கள் ஓய்ந்து பயம் தணிந்ததா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை முன்வைக்கிறார்கள். நான் முதல் இரண்டுக்கு அதிக எடை கொடுக்கிறேன்.

கடைசி மரணம் எது என்றும் சிலர் கேட்பார்கள். வழக்கமாகச் சொல்லப்படுவது 1782-இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் தலை வெட்டப்பட்ட அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண். தீர்ப்பில் சூனியம் என்று எழுதவே இல்லை, விஷம் வைத்தவள் என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் அப்படி எழுத நீதிமன்றத்துக்கே கூச்சம் வந்துவிட்டிருந்தது. 2008-இல் அந்த மாநில நாடாளுமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது.

நம்பிக்கை நீதிமன்றத்தைவிட எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்கு இங்கிலாந்தின் டிரிங் ஊர் வழக்கைப் படித்துப் பாருங்கள். சூனியச் சட்டங்கள் நீக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1751 ஏப்ரலில், ரூத் ஆஸ்போர்ன் என்ற ஏழைக் கிழவியையும் அவள் கணவனையும் ஒரு பெரும் கூட்டம் இழுத்துவந்து, சூனியக்காரியா என்று பார்க்கக் குளத்தில் முக்கியது. ரூத் செத்துப்போனாள். கூட்டத்தை நடத்திய தாமஸ் கோலி என்பவனை அரசு கொலைக் குற்றத்துக்காக ஆகஸ்டில் தூக்கிலிட்டது. தூக்கைப் பார்க்க நிறைய பேர் வந்தார்கள், ஆனால் பக்கத்தில் வர மனமில்லாமல் தள்ளியே நின்றார்கள். இவ்வளவு கெடுதல் செய்த பொல்லாத கிழவியைக் கொன்றதற்காக ஒரு மனிதனைத் தூக்கில் போடுகிறார்களே என்று அவர்கள் முணுமுணுத்ததை அந்தக் காலத்துப் பத்திரிகையே பதிவு செய்திருக்கிறது.